அடி, பிடி, விடு

காரின் மூன்று கண்ணாடிகளுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. உள்ளே நடுவில் இருக்கிறது ஒன்று, வெளியே பக்கத்துக்கு ஒன்று. பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க மட்டுமே இருக்கிற பொருளுக்கு, பிரஷ் போன தடம்கூடத் தெரியாமல், அவசரமே இல்லாமல் இரண்டு கோட்டு அடித்திருந்தார் அப்பா. மற்றபடி வண்டி பதினோரு வருஷமாக ஓடவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாட்டில் பச்சை உடம்பு, பால் நிறக் கூரை, உருண்டை விளக்கு இரண்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே நீளமாக ஓடும் சிவப்பு இருக்கை.

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்," என்றான் தம்பி.

"ஷெட்டுக்குள்ள எங்கடா வெயில்?"

"அப்ப அவருக்குத் தன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல. எனக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. ஷட்டரை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி வெளிச்சம் வரவழைத்தாள். பேருந்துப் பணிமனையில் இருபது வருஷமாக பிரேக் பிரிவில் வேலை. எந்த வண்டியைப் பார்த்தாலும் கண் முதலில் அடிப்பக்கம்தான் போகும். அதனால்தான் தம்பி அவளை 'ஃபோர்மேன்' என்பான். அவன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து அவனுக்கு அம்மா, அப்பா எல்லாம் அவள்தான். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

அப்பா அதற்கும் நாலு வருஷம் முன்னாடியே வேலைக்கென்று இந்தத் தூர ஊருக்கு வந்தவர். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். கார் வாங்கியிருக்கிறேன், அதிலேயே வீட்டுக்கு வருகிறேன் என்று. வரவே இல்லை. மூன்று வாரம் முன்னால் இந்த ஷெட்டில் செத்துக் கிடந்தார் என்று செய்தி வந்தது. கார் மகளுக்கு என்று வக்கீல் தாள் வந்தது.

இரண்டு நாள் ஓட்டினால்தான் வீடு. லாரியில் ஏற்றி அனுப்பு என்று பணிமனையில் எல்லாரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. எங்களை விட்டுவிட்டு எந்தக் காரைக் கட்டிக்கொண்டு அழுதாரோ, அதே காரை எங்கள் தெருவுக்குள் நானே ஓட்டிக்கொண்டு வருவேன், நாலு பேர் பார்க்க ஹார்ன் அடிப்பேன் என்று ஒரு வைராக்கியம். துணைக்குத் தம்பியைக் கூட்டி வந்தாள். அவன் மனைவிக்கு ஏழு மாதம். பஸ் ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "அண்ணி, இவர் விளையாட்டுப் பிள்ளை. உங்கள நம்பித்தான் அனுப்புறேன். எப்படி அனுப்புறேனோ அப்படியே கூட்டிட்டு வந்துடுங்க."

"வாத்தியாரே, சட்டையக் கழட்டிட்டு வா. வேலை இருக்கு."

வேலை நிறையவே இருந்தது. நாலு சக்கரமும் இல்லை. வண்டி மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரங்கள் சுவரில், உயரத்தில், ஆணியடித்து மாட்டியிருந்தன. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒரு டப்பாவில் எண்ணெயில் போட்டு வைத்திருந்தார். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற ராடு தனியாக ஒரு மூலையில் கிடந்தது. பிரேக் ஆயிலைச் சொட்டு விடாமல் வடித்திருந்தார். எதுவும் உடையவில்லை. எல்லாம் துடைத்து, சுற்றி, பத்திரமாக. திருட்டுப் பயமாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கதவுகளைத் தடவிப் பார்த்தபோதுதான் கை நின்றது. நாலு கதவிலும் நெளிவு. உள்ளங்கை அகலத்துக்கு, பத்துப் பதினைந்து இடத்தில். பேருந்துகளில் எத்தனையோ நெளிவு பார்த்தவள் அவள். தகரம் எப்போதும் உள்ளே குழியும். இது வெளியே புடைத்திருந்தது.

"டேய், இது உள்ளேயிருந்து விழுந்த அடி."

"அவர் உள்ள உக்காந்துட்டு எதுக்கு அடிக்கணும்?"

ஷெட்டுக்குள் பழைய ரெக்சின் வாசனையும், பெட்ரோல் வாசனையும், அதற்கு அடியில், எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல், அப்பா முகச்சவரம் செய்யும் சோப்பின் வாசனையும் கலந்து நின்றன. முப்பது வருஷம் கழித்து அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஸ்பேனரை எடுத்தாள்.

முதல் நாள் சாயங்காலமே வண்டி அவளை அடித்தது. பானெட்டைத் திறந்து, தாங்கு கம்பியைக் கொடுத்து, அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தாள். ரேடியேட்டர் குழாய்க்குக் கைவிட்டிருக்கும்போது முதுகில் அத்தனை எடையும் ஒரே சமயத்தில் இறங்கியது. கம்பி நழுவினால் பானெட் விழும். விழுந்தால் ஒரு அடி, அவ்வளவுதான். இது விழுந்த பிறகு அழுத்தியது. யாரோ மேலே ஏறி உட்கார்ந்து உடம்பைக் கொடுத்து அமுக்குகிற மாதிரி, விட்டு விட்டு, மூச்சை வெளியே தள்ளித் தள்ளி. இரும்பில் கன்னம் பதிந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. தம்பி ஓடிவந்து இரண்டு கையாலும் நெம்பித் தூக்கிய பிறகுதான் அவளால் மூச்சு இழுக்க முடிந்தது.

"கம்பி நின்ன இடத்துலதான்க்கா நிக்குது," என்றான் அவன். குரலில் விளையாட்டு இல்லை. கம்பி நட்டமாக நின்றிருந்தது. பானெட் அதைத் தாண்டி எப்படி இறங்கியது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில், விலா வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, கண்ணாடிகளைச் சுரண்டினாள். பெயிண்ட் சுலபத்தில் வரவில்லை. பிளேடும் தின்னருமாக ஒரு மணி நேரம். கண்ணாடி இல்லாமல் வண்டியை ரோட்டுக்கு எடுப்பவள் இல்லை அவள். கடைசியில் உள் கண்ணாடியில் நாணயம் அளவுக்கு ஒரு இடம் தெளிந்தது. அதில் பின் சீட் தெரிந்தது. தம்பி பின்னால் உட்கார்ந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான்.

"தூங்கறியாடா? போய் அந்தப் பிளக்குகளத் துடை."

அவன் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். தோள் தெரிந்தது. கை தெரிந்தது. கை முட்டிகள் தோல் உரிந்து, சிவந்து, வீங்கியிருந்தன. எதையோ விடாமல் குத்திய கை. வெளியே குழாயடியில் வாளி நிரம்புகிற சத்தம் கேட்டது. அதோடு ஒரு சினிமாப் பாட்டை உல்டா செய்து தம்பி பாடுகிற சத்தமும் கேட்டது.

அவள் திரும்பினாள். பின் சீட் காலி.

கண்ணாடியில் குனிந்திருந்த தலை நிமிர ஆரம்பித்தது. அவள் அதற்குமேல் பார்க்கவில்லை. கண்ணாடியைத் திருகிக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினாள். வலி மாத்திரை வேலையைக் காட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவள், ஒரு கண்ணாடியைப் பார்த்துப் பயந்து ஓடினேன் என்று யாரிடம் சொல்வாள்?

மத்தியானம் இன்ஜினை எடுத்தார்கள். பிளக் மாட்டியாயிற்று, புது பேட்டரி வைத்தாயிற்று, கார்புரேட்டரைக் கழுவியாயிற்று. விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் அவளே பார்த்தாள். எலிக்கூடு இல்லை, துணி இல்லை, ஒன்றும் இல்லை. தம்பி சாவியைத் திருப்பினான். பதினோரு வருஷம் தூங்கிய இன்ஜின் ஒரே திருகில் எழுந்தது.

கூடவே ஒரு அலறல். குழந்தை அலறுகிற மாதிரி. ஃபேனில் எதுவோ அடிபட்டது. பட், பட், பட் என்று மூன்று தடவை. அவள் முகத்தில் சூடாகத் தெறித்தது. தம்பி சாவியை அணைத்தான். அணைத்த பிறகும் ஃபேன் நிற்கவில்லை. வேகம் குறையாமல், எண்ணி எட்டு விநாடி, வெட்டியதையே திரும்பத் திரும்ப வெட்டிவிட்டு நின்றது.

மாடியில் இருக்கிற வீட்டுக்காரரின் பூனை. தம்பி சுவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் கையுறை போட்டு, ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் அதைத் துண்டு துண்டாக எடுத்து வாளியில் போட்டாள். இதில் பூனை எங்கே இருந்தது? நான்தானே பார்த்தேன்? ஒவ்வொரு துண்டுக்கும் இதே கேள்வி.

"பஸ்ல போயிடலாமா ஃபோர்மேன்?" என்றான் தம்பி.

இன்னும் சக்கரம் மாட்ட வேண்டும், பிரேக் போட வேண்டும். ஒரே நாள் வேலை. பாதியில் விட்ட வேலை என்று அவள் பெயருக்கு எதிரில் ஒன்றுகூடக் கிடையாது.

"நாளைக்குச் சாயங்காலம் கிளம்புறோம்," என்றாள்.

மூன்றாம் நாள் நாலு மணிக்குள் எல்லாம் முடிந்தது. சக்கரம் இறங்கியது, ராடு ஏறியது, கட்டைகள் போயின. பிரேக் குழாயில் புது ஆயில் ஊற்றினாள். இனி அதிலிருக்கிற காற்றை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. இடது பின்சக்கரத்தை மட்டும் மறுபடி கழற்றி, ஜாக்கி கொடுத்து, பக்கத்தில் ஸ்டாண்டும் கொடுத்து, இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். மலை மாதிரி நின்றது. அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு நாளாக மகள் வீட்டுக்குப் போயிருந்த வீட்டுக்காரர் வந்துவிட்டார். பூனை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் மேலே போனாள்.

வீட்டுக்காரர் பழைய தையல்காரர். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கோபப்படவில்லை.

"இது நாலாவது பூனைம்மா," என்றார். "முதல் மூணு சாகும்போது அந்த வண்டியில பிளக்கே கிடையாது."

அவள் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க அப்பா நல்ல மனுஷன். வீட்டுக்குப் போறேன், புள்ளைங்களப் பாக்கப் போறேன்னு ஒரு நாள் கிளம்பினாரு. ரெண்டு மணி நேரத்துல திரும்பி வந்தாரு. சட்டை பூரா ரத்தம், காயம் எதுவும் இல்ல. என்னைக் கூப்பிட்டு, 'நான் தனியாத்தானே வந்திருக்கேன், பாத்துச் சொல்லுங்க'ன்னாரு. அன்னைக்குத்தான் சக்கரத்தக் கழட்டினாரு. அப்புறம் தினமும் கீழ டமார் டமார்னு சத்தம் கேக்கும். அவர்தான் சுத்தியலால அடிக்கிறாருன்னு நெனச்சு ஒரு நாள் திட்டப் போனேன். அவர் ஷெட்டு வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டு இருந்தாரு. சத்தம் உள்ளேயிருந்து வந்துச்சு. 'விடு, விடு'ன்னு குரல் வேற. அவரோட குரலேதான்."

"அவர் எப்படிச் செத்தார்?"

"விழுந்துட்டார்னு எழுதினாங்க. நான்தான் முதல்ல பாத்தேன். ஸ்டியரிங் நெஞ்சுக்குள்ள போயிருந்துச்சும்மா. லாரியோட மோதினா எப்படி இருக்கும், அப்படி. சக்கரமே இல்லாத வண்டி அது."

அப்பா வண்டியைப் பிரித்து வைக்கவில்லை. கட்டிப்போட்டிருந்தார். ஒவ்வொரு கட்டாகப் பார்த்துப் பார்த்து அவிழ்த்தது அவள்தான்.

வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக ஷெட்டை எட்டிப் பார்த்தார். "இப்ப வரும்போதே கேக்கணும்னு நெனச்சேன். ஒரு தம்பி வேலை பாக்குறாரு. இன்னொரு தம்பி காருக்குள்ளயே உக்காந்திருக்காரு. ரெட்டைப் புள்ளைங்களா?"

படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

ஷெட்டில் தம்பியைக் காணோம். காரின் இடது பின்பக்கம், அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் பாதி முகம். கிரீஸ் அப்பிய கன்னம், ஒரு கண். கண் சிமிட்டியது.

"வாங்க ஃபோர்மேன். எங்க போயிட்டீங்க? ஏறி உக்காரு. இதான் கடைசி வேலை."

"வெளிய வாடா. வண்டி வேணாம். இப்பவே கிளம்பலாம்."

"காத்து போற நிப்பிளத் திறந்துட்டேன், ஆயில் மூஞ்சில வடியுது. பெடல நாலு அடி அடிச்சுட்டுப் போ. அப்புறம் எங்க வேணா கிளம்பலாம்."

ஆயில் சொட்டுகிற சத்தம் கேட்டது. திறந்து கிடக்கிற பிரேக். இருபது வருஷத்துப் பழக்கம் அவள் காலை இழுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தது.

இந்த வேலைக்கு எந்தப் பணிமனையிலும் ஒரே சட்டம்தான். மேலே இருக்கிறவன் பெடலை அடிக்க வேண்டும், கீழே இருக்கிறவன் 'பிடி' என்றால் அமுக்கிப் பிடிக்க வேண்டும், அவன் வாயால் 'விடு' என்று சொல்லும்வரை தலையில் இடி விழுந்தாலும் காலை எடுக்கக் கூடாது. கீழே இருக்கிறவனால் மேலே இருப்பவனைப் பார்க்க முடியாது, இவனாலும் அவனைப் பார்க்க முடியாது. குரல் மட்டும்தான்.

"அடி."

அடித்தாள்.

"அடி... அடி... பிடி."

பிடித்தாள். கீழே ஆயிலோடு காற்று புஸ்ஸென்று வெளியேறியது.

"விடு. இன்னொரு வாட்டி. அடி... அடி... பிடி."

பிடித்திருந்தபோது ஷெட்டு வாசலில் நிழல் விழுந்தது. சாயங்கால வெயில் முகத்தில் அடிக்க, கையில் இரண்டு டீக் கோப்பையோடு தம்பி வந்து நின்றான்.

"யாரோட பேசிட்டு இருக்கக்கா?"

கால் பெடலிலேயே இருந்தது. அவன் குனிந்து காருக்கு அடியில் நீட்டியிருந்த கால்களைப் பார்த்தான். கோப்பைகள் கைதவறி விழுந்தன.

"அக்கா, கீழ யாரு?"

"யாருக்கா அது?" என்றது கீழேயிருந்து அதே குரல். "யாரு என் மாதிரிப் பேசுறது?"

வெயிலில் ஒரு தம்பி. இருட்டில் ஒரு தம்பி. அவள் கேட்டாள்.

"அம்மா சாகறப்போ உன்கிட்ட என்னடா சொன்னாங்க?"

"அக்கா பேச்சக் கேளு."

இரண்டு பக்கத்திலிருந்தும். ஒரே நேரத்தில். ஒரு எழுத்து முன்னே பின்னே இல்லை.

காருக்கு அடியில் இரும்பு முனகியது. சீட் லேசாகச் சாய்ந்தது. ஸ்டாண்டா? இல்லை. ஸ்டாண்டை அவளே வைத்தாள். அவளே உலுக்கிப் பார்த்தாள்.

"அக்கா!" கீழே இருந்த குரல் வேறு மாதிரி ஆயிற்று. "வண்டி இறங்குது. பெடல விடாத. நீ பிடிச்சிருக்கறவரைக்கும் நிக்குது. விடாதக்கா, நான் வெளிய வந்துடறேன்."

"அதை நம்பாத!" வாசலில் நின்றவன் கத்தினான். "உன்னை உள்ளயே வச்சுக்கப் பாக்குது. அப்பாவ வச்ச மாதிரி. இறங்கி ஓடி வாக்கா!"

"விடாத. ஒரே நிமிஷம். கால் மாட்டிக்கிச்சு."

"அக்கா, வா!"

"விடாத!"

ஸ்டியரிங் மெல்ல, சத்தமில்லாமல், அவள் நெஞ்சைப் பார்த்து ஒரு விரல் அகலம் நகர்ந்தது. பிறகு இன்னொரு விரல் அகலம். அவள் வாசலைப் பார்த்தாள். தம்பி அழுதுகொண்டிருந்தான். ஒன்பது வயதில், அம்மாவைத் தூக்கிப் போன அன்று, கதவைப் பிடித்துக்கொண்டு எப்படி அழுதானோ அப்படியே, உதடு கோணி, மூக்கு ஒழுக. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவள் ஒரு நாளும் உட்கார்ந்திருந்ததில்லை.

காலை எடுத்தாள். குதித்தாள். ஓடினாள்.

பின்னால் ஒரே ஒரு சத்தம். ஈர மரத்தை முறிக்கிற சத்தம்.

அவள் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல, நான் வந்துட்டேன்." அவன் உடம்பு சில்லென்று இருந்தது. வழவழவென்று இருந்தது. சவர சோப்பு வாசனை அடித்தது. முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். குழாயை மூடியது மாதிரி அழுகை நின்றிருந்தது.

காருக்கு அடியிலிருந்து ரத்தம் சிமெண்டுத் தரையின் சாய்வில் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

"நான்தான்க்கா," என்றது கீழே இருந்த குரல். ரொம்ப மெதுவாக. குறை சொல்லாமல், ஒரு தகவலைச் சொல்கிற மாதிரி. "நான்தான்."

அவள் போய் விழுந்தாள். வண்டியின் அடிக்கட்டு அவன் நெஞ்சின் மேல் இருந்தது. நெஞ்சு இருக்க வேண்டிய உயரம் இல்லை. வாயிலிருந்து வந்தது முழுக்க ரத்தம். கண் மட்டும் அவளைத் தேடியது. கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தான். தோளைக் கொடுத்து வண்டியை நெம்பினாள், அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு நெம்பினாள், அடிபட்ட விலா உள்ளே குத்தியது, வண்டி ஒரு நூல்கூட எழும்பவில்லை. பிடித்திருந்த கை தளர்ந்தது.

வாசலில் நின்றது உள்ளே வந்தது. அவள் கையில் சக்கர ஸ்பேனர் அகப்பட்டது. எழுந்து, அத்தனை பலத்தையும் சேர்த்து, தம்பியின் முகத்தில் அடித்தாள். கன்னம் குழிந்தது. ரத்தம் வரவில்லை. தகரம் ஒடுங்குகிற சத்தம் வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி. நெற்றி, மூக்கு, தாடை. அது நின்று வாங்கிக்கொண்டது. பிறகு குழிந்த இடம் ஒவ்வொன்றும் டொப், டொப் என்று உள்ளேயிருந்து புடைத்துச் சரியாயிற்று. தம்பியின் முகம். அப்பழுக்கில்லாமல்.

"போதுமா ஃபோர்மேன்?" என்று கேட்டது.

காருக்கு அடியில் செல்போன் அடித்தது. அது குந்தி உட்கார்ந்து, செத்தவன் பையில் கைவிட்டு, போனை எடுத்து, சட்டையில் துடைத்துக் காதில் வைத்தது.

"சொல்லும்மா... ஆமா, முடிஞ்சுது. இதோ கிளம்பிட்டேன்... சாப்பிட்டியா? பாப்பா உதைக்குதா?" தம்பியின் சிரிப்பு. அதே சிரிப்பு. "நான் வந்து காதை வச்சுக் கேக்குறேன்."

அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அது ஒரு கையால் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அறைந்தது. பேச்சை நிறுத்தவில்லை. "அக்காவா? அக்கா அப்புறம் வருவா. அவளுக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு."

ஏறி உட்கார்ந்தது. இன்ஜின் எழுந்தது. இடது பின்பக்கம் சக்கரமே இல்லாத அந்தக் கார், தம்பியின் மேலிருந்து எழும்பி, நாலு பக்கமும் சமமாக, ஆடாமல் அசையாமல் நின்றது. பிறகு வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, முனையில் நின்று, வீட்டுக்குப் போகிற ரோட்டுப் பக்கம் ஒழுங்காக விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுத் திரும்பியது.

அவள் தவழ்ந்து போய்த் தன் பையைக் கவிழ்த்துப் போனை எடுத்தாள். ரத்தத்தில் விரல் வழுக்கியது. மூன்றாவது தடவைதான் தம்பி மனைவியின் நம்பர் விழுந்தது. கதவைத் திறக்காதே. யார் கூப்பிட்டாலும், யார் மாதிரி இருந்தாலும், கதவைத் திறக்காதே. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக் காத்திருந்தாள்.

'நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்' என்றது ஒரு பெண் குரல்.

வைத்துவிட்டு மறுபடி அழைத்தாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார். மறுபடி அழைத்தாள். வெளிச்சம் போய், மடியில் இருந்த முகம் தெரியாமல் ஆகும்வரை அழைத்தாள். தம்பி மனைவி இன்னும் அதனோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்.